லூப்புக்கு வெளியே நின்ற உன் வரி

இன்றைக்கு மழை பிடித்த கையோடு திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கு வெளியே 'பிரேக்', அதாவது நிறுத்தச் சொல்லும் கட்டளை, நிற்கிறதாம், நிரல் ஓட மாட்டேன் என்கிறது. எந்தக் கோப்பு என்று பார்த்தேன். நீ எழுதியது.

குளத்தின் வான்கதவைத் திறந்தால், சித்தாண்டிப் பக்கத்து வயல் வட்டையில் வாடிக் குடில் போட்டுக் காவல் இருப்பவர்களுக்கெல்லாம் ஒருவர் பின் ஒருவராகச் செய்தி அனுப்பும் கோப்பு அது. புளியந்தீவில் கடைக்கு மேலே இருந்த நம் சின்ன அறையில் சேர்ந்து எழுதினோம். எழுதினோம் என்ன, நீ எழுதினாய். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கேலி செய்தேன். ஓட்டுமுன் ஒவ்வொரு முறையும், "எனக்குப் பயமா இரிக்குகா, இன்னொருக்கா பாப்பம்" என்பாய். பட்டியலின் தலையில் சோதனைக்கென்று உன் எண்ணையே போட்டு வைத்தாய்.

போன மாரி மழைக்கு முன் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன் எண்ணை நான் எடுக்கவில்லை. சர்வரை வாடகைக்குத் தருபவர்கள் நம் கோப்புகளை ஓட்டும் பழைய பி.எச்.பி.யை நிறுத்தப்போவதாகச் சொன்னதால் இந்தக் கிழமைதான் புதிய பதிப்புக்கு மாற்றினேன். முகப்புப் பக்கம் ஒழுங்காகத் திறந்தது, நிம்மதியாக இருந்தேன்.

சிவப்பு வரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை அழைத்தார்.

"தங்கச்சி, பட்டனை அமத்தினன், மெசேஜ் ஒருத்தருக்கும் போகல்ல. கதவு திறந்திட்டாங்க, தண்ணி வருகுது."

என் அண்ணனும் அந்த வட்டையில்தான் இருந்தான். அவனுக்கு எடுத்தேன். போன் போகவே இல்லை.

உன் வரியைத் தேடிப் பிடித்தேன். வட்டையில் ஒருவரும் இல்லையென்றால் நிறுத்து என்று, லூப் தொடங்குவதற்கு மேலேயே எழுதியிருந்தாய். பழைய பதிப்பு அந்த வரியை எட்டினால்தான் முறைக்கும். எட்டவே இல்லை. வயலில் வேளாண்மை விளைந்து நிற்கும் காலத்தில் யானைக்கும் மாட்டுக்கும் பயந்து யாராவது வாடியில் இருப்பார்கள். ஆளில்லாத வட்டையை நம் பக்கத்தில் யார் கண்டது? புதிய பதிப்போ ஓடுமுன் கோப்பு முழுவதையும் வாசிக்கிறது. வாசித்த இடத்திலேயே மறுத்துவிட்டது.

அழிக்கக் கை வரவில்லை. உன் எழுத்து என்பதால் இல்லை. அதை எடுத்தால் வேறு எது இடியுமோ என்ற பயம்தான். கேட்க நீ இல்லை. வெறும் அறையில், "எனக்குப் பயமா இரிக்குகா" என்று வாய்விட்டுச் சொன்னேன். அழித்தேன். முதலில் என் எண்ணுக்கு மட்டும் விட்டேன், வந்தது. பிறகு எல்லோருக்கும்.

விதானை மறுபடி எடுத்தார். "மெசேஜ் வருகுது தங்கச்சி. வெளிக்கிடுறாங்க."

அண்ணனிடமிருந்து மட்டும் பதில் இல்லை. போனைப் பார்த்தபடியே இருந்தேன். நீ செத்த அன்றுகூட இப்படிப் பயப்படவில்லை. அன்றைக்குப் பயப்பட ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

அப்போது போனில் உன் பெயர் வந்தது.

வெகுநேரம் அடிக்க விட்டுத்தான் எடுத்தேன். உன் அம்மா. உன் போனை இன்னும் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறாவாம். வட்டையிலிருந்து ஏறி வரும் பாதையில்தானே உங்கள் வீடு.

"மகள், பிள்ளைட போனுக்கு வெள்ளம் எண்டு வந்திச்சி. வாசல் படலைக்க வந்து நிண்டன். உன்ட அண்ணன் இஞ்சதான் இரிக்கான். அவன்ட போன் நனைஞ்சி போச்சாம். பக்கத்து வாடிக்காரனுக்கு மெசேஜ் வந்து, அவன்தான் கூட்டி வந்த. தேத்தண்ணி குடிக்கான்."

அழுதேன். அந்த மெசேஜை நீ அனுப்பியதாக ஒரு கணம் நினைத்திருப்பாவோ என்று தோன்றியது.

மழை இன்னும் விடவில்லை. அடுத்த கதவையும் திறக்கப்போகிறார்களாம். உன் மற்றக் கோப்புகளைத் திறந்து, ஒவ்வொரு லூப்பாக விரல் வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். நீ எங்களுக்காகப் பட்ட பயம் முழுவதும் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை நான் விடப்போவதில்லை.