என் குழிப்பலாவுக்குப் பத்துக்கு எத்தனை

ஜூலை 9

மழை. கல்லூரி வாசலில் செருப்பு அறுந்தது. இந்த வயதில் தோளில் பை மாட்டிக்கொண்டு, கையில் அறுந்த செருப்போடு வகுப்புக்குள் நுழைந்தேன். முதல் வரிசையில் என் நாத்தனார் பெர்பெத்துவா, ஒரு சொட்டு நனையாமல்.

உணவைப் பழைய முறையில் கெடாமல் வைப்பது பற்றிய படிப்பு. பாதி பாடம், பாதி கைவேலை. தேறினால் பள்ளிச் சமையற்கூடத்தில் என் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் டிசம்பரோடு வீட்டில் உட்காரலாம். தலைமையாசிரியர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பெர்பெத்துவாவுக்கு அப்படி என்ன அவசரம்? நான் சேர்ந்தேன் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்திருக்கிறாள். வேறென்ன.

ஜூலை 18

ரென்ஸ்பெர் சார் பலகை நிறையக் கிருமிகள் வரைந்தார். எல்லாம் இறால் மாதிரி இருந்தன. குழிக்குள் காற்றுப் புகாமல் ஈரப்பலா புளிக்கும்போது அமிலம் ஏறுமாம், கெட்ட கிருமிகள் தாமாகவே ஓடிவிடுமாம். பெர்பெத்துவா வாயைத் திறந்ததும் விருந்தாளிகள் ஓடுவார்களே, அதேதான் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்துவிட்டது. சார் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டார்.

ஜூலை 30

கைவேலை. தோல் சீவிய ஈரப்பலாவைச் சாக்கில் கட்டிக் கடலில் ஊறப்போட்டிருந்தோம். இன்று எடுத்துப் பிசைந்து, வாழையிலை விரித்த குழியில் கொட்டி மூடி, மேலே கல் வைத்தோம். ஆளுக்கொரு குழி. இடுப்பு விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் 3

கை நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. சகாவ் வேர்ச்சாறு குடிக்கப் போன இடத்தில் என் வீட்டுக்காரர் கசியானோவின் பக்கத்தில்கூட யாரும் உட்காரவில்லையாம். நல்ல அறிகுறி.

செப்டம்பர் 21

தலையில் இடி. தேர்வு வைக்க குவாமிலிருந்து ஓர் அம்மா வருகிறாராம். ஒவ்வொருவரும் தன் குழிப்பலாவுக்குத் தானே பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டுமாம். அதற்குத்தான் பாதி மதிப்பெண்.

வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கும் கிழங்கைத் தலைவர் முன்னால் இறக்கிவிட்டு, ஏதோ சின்னது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லுகிற ஊர் இது. இங்கே போய்த் தன் பண்டத்துக்குத் தானே எண் போடுவதா?

சார் ஒத்திகை பார்த்தார். முதல் ஆள் பூஜ்யம் என்றார். அடுத்தவரும் பூஜ்யம். நானும். பெர்பெத்துவா எழுந்து பூஜ்யத்துக்கும் கீழே என்றாள்.

"அதுக்குக் கீழ எதுவும் இல்லம்மா."

"எனக்கு மட்டும் போடுங்க சார்."

தன்னைத் தாழ்த்திக்கொள்வதில்கூட என்னை முந்த வேண்டும் அவளுக்கு!

அக்டோபர் 6

ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடலாமா என்று சார் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் எல்லோருக்கும் பத்து போட்டோம். தலையில் கை வைத்துக்கொண்டார். சரி, உங்கள் பாடத்துக்கு எத்தனை சார் என்று யாரோ கேட்டார்கள். நான் என்ன பெரிசா சொல்லிக் கொடுத்துட்டேன் என்று முனகிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்டோபர் 20

கசியானோவை எதிரே உட்கார வைத்துப் பழகினேன். "நல்லாருக்கு. அவ்வளவுதான் எர்சி. ஒரே வார்த்தை," என்றார். வாயைத் திறந்தால் "மன்னிக்கணும்" என்றுதான் வருகிறது. கடைசியில் எப்படியோ நல்லாருக்கு என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டுவிட்டது. எனக்கு உடம்பு சரியில்லையா என்று கசியானோவிடம் விசாரித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வேலை போய்விடும். பயமாக இருக்கிறது.

நவம்பர் 12

நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

குவாம் அம்மா ஒவ்வொரு குழியாகத் திறந்து, சுட்டுத் தரச் சொல்லிச் சாப்பிட்டார். முகம் மலர்ந்தது. எத்தனை என்று கேட்டார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். முகம் வாடிக்கொண்டே வந்தது. என் முறை. "இது வந்து... மன்னிக்க..." என்று ஆரம்பித்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து பெர்பெத்துவா பேசினாள். "அண்ணியோடது புளிக்கவே இல்ல. இலை மாத்தச் சோம்பேறித்தனம். அவங்க அம்மா வீட்டுக் குழியும் இதே லட்சணந்தான்."

அடுத்தவர் பண்டத்தைக் குறை சொல்வதா! வேற்று ஊர் ஆள் முன்னாலா! எங்கம்மாவை இழுத்தா!

"எங்கம்மா வீட்டுக் குழியப் பத்தி உனக்கு என்னடி தெரியும்? நம்ம கித்தி ஊர் முழுக்கத் தேடிப் பாரு. இதவிட நல்லது கிடைச்சா எம் முகத்துல வந்து அப்பு. பத்துக்குப் பத்து. எழுதிக்குங்கம்மா."

எழுதிக்கொண்டார். சார் தரையைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அடுத்து பெர்பெத்துவாவின் முறை. அவள் பூஜ்யம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நவம்பர் 13

வெளியே தலைகாட்டவில்லை. இனி அவள் முகத்தில் விழிக்க மாட்டேன்.

நவம்பர் 26

முடிவு வந்தது. வகுப்பில் நான் ஒருத்திதான் தேறினேன். வேலை நிரந்தரம். கசியானோ என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு அழுகையாக வந்தது, சந்தோஷத்திலா வெட்கத்திலா தெரியவில்லை.

சாயங்காலம் பெர்பெத்துவா வீட்டுக்குப் போனேன், சண்டை போடத்தான். கொல்லையில் தன் குழிக்கு இலை மாற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஊரார் முன்னால் அப்படி ஏன் பேசினாய் என்று கேட்டேன். அவள் நிமிரவே இல்லை.

"வேற எப்படி உங்க வாயத் திறக்க வைக்கிறதாம்? அந்த இலைய இப்படிக் கொடுங்க."

கொடுத்தேன். அப்புறம் அவளே சொன்னாள்.

"அடுத்த வருஷம் நான் திரும்பப் பரீட்சைக்கு நிக்கணும் அண்ணி. நீங்க வந்து என்னோடதத் திட்டணும். நல்லா உறைக்கிற மாதிரி."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது ஓர் இலை நிறையக் கொடுத்தனுப்பினாள். இப்போது அதைச் சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டே என்ன குறை சொல்லலாம் என்று பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.