பேசாத படத்துக்கு வசனம் சொன்ன அத்தை

சண்டையிலும் சிரிப்பிலும் எனக்குச் சரிசமமாக நின்ற அன்பு அத்தைக்கு,

நாளைக்கு உங்களுக்கு வருஷத் திதி. வாழை இலை வாங்கியாயிற்று. படையலுக்கு வடையும் பாயசமும் போதும் என்கிறார் உங்கள் மகன். கருவாட்டுக் குழம்பு இல்லாவிட்டால் நீங்கள் இந்தப் பக்கமே திரும்ப மாட்டீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் இரண்டு பேர் சத்தம் அடங்கியதில் எதிர்வீட்டு ராணியக்கா இப்போதெல்லாம் மதியத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

விஜயா அண்ணியும் வருகிறார்கள். உங்கள் மகளைத்தான் சொல்கிறேன். வேப்பூரில் ஹைவே ஓரம் ஓட்டல் நடத்துகிறவருக்கு ஒரு நாள் கடையை அடைப்பது பெரிய விஷயம். ஆனால் போனில் தம்பியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: "திதி முடிஞ்சதும் கெளம்பிடுவேன்டா. அதுக்கப்புறம் அந்த வூட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன். எங்கம்மா மூச்சுக்குத் தவிச்சப்ப சிரிச்சவ கையால எனக்கு ஒரு வா தண்ணியும் வேணாம்."

சிரித்தது உண்மைதான். ஆஸ்பத்திரியில், உங்கள் கட்டிலைச் சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நீங்கள் போய்விட்டீர்கள். நான் என்ன செய்வது, சொல்லுங்கள்?

ஒருவேளை எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பழைய வெள்ளைக்காரப் படங்கள்தான்.

அதற்கு முன்னால் நம் வீடு எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். பீங்கான் கம்பெனியில் மண்ணும் கல்லும் அரைக்கிற பெரிய உருளை மில்லுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்த்து உங்களுக்குக் காது போயிருந்தது. சீரியல் ஓடும்போது டிவியின் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்துவிட்டு, அப்புறமும் என்னைத்தான் கேட்பீர்கள், "என்னாடி சொல்றா அவ?" என்று. நான் மெதுவாகச் சொன்னால், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பீர்கள். அதனால் நானும் கத்துவேன். ஒரு நாள், "அவ புருஷன் இன்னொருத்திய கட்டிக்கிட்டானாம் அத்தே" என்று கத்தினேன். மறுநாள் குழாயடியில் ராணியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனச விட்டுடாத கலா. எங்க வூட்டுக்காரரும் ஒரு தடவ அப்படித்தான் கெளம்பினாரு, நான் விடல" என்றார். உங்கள் மகன் ஒரு மாதம் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

நமக்குள் வேறு பேச்சு ஏது? சோறு, குழம்பு, மாத்திரை. அவ்வளவுதான். நீங்கள் கூடத்தில் இருப்பீர்கள், நான் அடுப்படியில் இருப்பேன். நடுவில் டிவி அலறிக்கொண்டிருக்கும்.

என் போன் வர்ணத் தண்ணீரில் விழுந்ததும் நல்லதாகப் போயிற்று. நான் வேலை பார்க்கும் பொம்மை யூனிட்டிலிருந்து பீங்கான் பொம்மைகளை வீட்டுக்கு எடுத்து வந்து கண் வரைந்துகொண்டிருந்தேன். போன் கிண்ணத்துக்குள் போய்விட்டது. காய வைத்து எடுத்தால் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. சத்தமில்லாமல் எதைப் பார்ப்பது என்று விரலால் தள்ளிக்கொண்டே போனபோது, கறுப்பு வெள்ளையில் ஒரு ஆள் தோளில் ஏணியோடு திரும்பினார். பின்னால் நின்ற போலீஸ்காரர் விழுந்தார். என்ன சத்தம் என்று பார்க்க இவர் மறுபடி திரும்பினார், எழுந்த போலீஸ்காரர் மறுபடி விழுந்தார். ஹாலிவுட்டில் சினிமா பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் எடுத்த படம் என்று கீழே போட்டிருந்தது.

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினால் நீங்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து உங்கள் கடைவாய்ப் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"யாரும் பேசலியே இதுல?" என்று கேட்டீர்கள்.

"பேசாத படம் அத்தே. அந்தக் காலத்துல அப்படித்தான்."

"அப்ப ஊர்ல எல்லாருக்கும் என்ன மாதிரிதான் இருந்திருக்குது" என்று சொல்லி, பாயைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

அன்றிலிருந்து சீரியலுக்குக் கல்தா. உங்கள் மகன் ஒரு ஒயரை வாங்கி வந்து போனை டிவியில் மாட்டிக் கொடுத்தார். மதியம் பாத்திரம் கழுவியதும் நமக்குப் படம். கார் ரயிலைத் துரத்தும், ரயில் காரைத் துரத்தும். "நம்ம ஜங்ஷன்ல ஒரு வண்டியாவது இப்படி ஓடியிருக்குதா?" என்று அங்கலாய்ப்பீர்கள். சுருட்டை முடியும் அப்பிய கண்மையுமாக ஒரு கதாநாயகி அழுதால், அவள் முகம் டிவி முழுக்க நிற்கும். கண்ணீர் புறப்பட்டுக் கன்னம் வரை வருவதை அவசரப்படாமல் காட்டுவார்கள். நாம் இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்ப்போம். "அழுவறதுன்னா இப்படி அழுவணும். நம்ம சீரியல்காரி கைய வச்சு மூஞ்ச மறைச்சுக்கறா" என்பீர்கள். எனக்கு அந்தக் கண்கள் அப்படியே கையில் இறங்கிவிட்டன. ஒரு வாரம் நான் வரைந்த நாய்ப் பொம்மையெல்லாம் காதலனைப் பிரிந்த மாதிரி பார்க்க, "என்னம்மா, நாயிங்க எல்லாம் அழுவுது?" என்று முதலாளி கேட்டுவிட்டார்.

தட்டு உடையும் படம் ஞாபகம் இருக்கிறதா? ஓட்டல் சர்வர் ஒருத்தர் தலைக்கு மேலே தட்டு அடுக்கோடு வருவார். காலில் மேசைத்துணி சிக்கும். நான் சிரிக்க வாயைத் திறந்தேன், நீங்கள் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தீர்கள். "நிறுத்துடி. எத்தன பொம்பளைங்க கை பட்டு வந்த தட்டோ." அன்றைக்குப் படம் பாதியில் நின்றது. நீங்கள் ராத்திரி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. மறுநாள் நீங்களே அதைப் போடச் சொல்லி, டிவிக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தீர்கள். "இது சூளைக்கே போவாத தட்டுடி. ஒடையறப்ப மாவா கொட்டுது பாரு" என்றீர்கள். வேகாத மண்ணைத் திரும்பக் கரைத்துக்கொள்ளலாம், நஷ்டமில்லை. அதற்குப் பிறகு புரையேறுகிற வரைக்கும் சிரித்தீர்கள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

நடுநடுவே ஆங்கிலத்தில் எழுத்து அட்டை வரும். நான் பத்தாவது பாஸ் என்ற தைரியத்தில் எழுத்துக் கூட்டுவேன். உங்களுக்குப் பொறுமை இருக்காது. "அத ஏன் படிக்கிற, அவ வாயப் பாரு" என்பீர்கள். மில் இரைச்சலில் பெண்கள் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துத்தான் பேசிக்கொள்வீர்களாம். அந்தப் பழக்கத்தில் வெள்ளைக்காரி வாயையும் படித்தீர்கள், அதுவும் தமிழில். கோட்டு போட்ட சீமான், "போடா போக்கத்தவனே" என்பார். தொப்பி வைத்த சீமாட்டி, "எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்பாள். அட்டையில் வேறு என்னவோ இருக்கும். "அட்டை எழுதினவனுக்குக் காது கேட்டிருக்காது" என்று முடித்துவிடுவீர்கள். உங்கள் வசனத்தோடு பார்த்தால் கதை இன்னும் நன்றாகத்தான் இருந்தது.

அப்படி ஒரு மதியம். படத்தில் ஒரு சின்னப் பெண் கதவோரம் நின்று புருஷனிடம் குசுகுசுக்கிறாள். பட்டணத்தில் வேலை தேடச் சொல்கிறாள் என்று நான் அட்டையைப் படித்துச் சொன்னேன்.

"அதெல்லாம் இல்ல. தனி வூடு பாக்கலாம்னு சொல்றா" என்றீர்கள்.

"உங்களுக்கு எப்படி அத்தே தெரியும்?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள்: "அடுப்படியில எம்மவன் கிட்ட நீ சொல்றப்ப உன் வாயி இப்படித்தான் போவும்."

உங்களுக்குத்தான் கேட்காதே என்று, உங்கள் கண்ணெதிரிலேயே நின்று, தினமும் அவரிடம் தனிக்குடித்தனம் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு பார்த்து வீட்டுக்காரரிடம் பேசியும் வைத்திருந்தோம். நான் கல்யாணமாகி வந்த மாதத்திலிருந்தே எல்லாம் தெரியும் என்றீர்கள்.

"ஏன் அத்தே ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ கத்தித்தான் பதில் சொல்லணும். ராணி வந்து கையப் புடிச்சுக்குவா." கொஞ்சம் கழித்து, "நானும் எம்மாமியார் வூட்டுல தனி வூடு கேட்டவதான். கெடைக்கல. நீ போறதா இருந்தா போ. அந்தப் போன மட்டும் இங்க வச்சுட்டுப் போ" என்றீர்கள். அப்புறம், நான் டிவியை மறைக்கிறேன் என்று நகரச் சொன்னீர்கள்.

அந்த வீடு வேண்டாம் என்று அன்று சாயங்காலமே உங்கள் மகனிடம் சொன்னேன். அங்கே போனுக்கு சிக்னல் கிடைக்காது என்று காரணம் சொன்னேன். அவரும் நம்பினார். உண்மை என்னவென்றால், உங்களை விட்டுவிட்டு மதியத்தில் நான் யாரோடு படம் பார்ப்பேன்? உங்களை எனக்குப் பிடித்துப்போயிருந்தது அத்தை. அதைக் கத்திச் சொல்ல வெட்கமாக இருந்தது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் பேசும் படங்களுக்கு வந்தோம். சத்தம் வந்த புதிதில் எடுத்தவை. உங்களுக்குப் பிடிக்கவே இல்லை. "பேச ஆரம்பிச்சதும் ஒரே எடத்துல நின்னுக்கினு பேசறானுங்க. ஓடறதையே விட்டுட்டானுங்க" என்று திட்டிவிட்டு, பழைய படங்களையே திரும்பப் போடச் சொன்னீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் வாய் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் அப்படி ஆயிற்று. மூக்கையும் வாயையும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி ஒரு மூடி போட்டிருந்தார்கள். உள்ளே உங்கள் வாய் அசைகிறது, குரல் இல்லை. "தண்ணி கேக்குறாங்க" என்றார் உங்கள் மகன். "என் பேரத்தான் சொல்லுது" என்று அழுதார்கள் அண்ணி. "வூட்டுப் பத்திரம் எங்கன்னு கேக்குது போல" என்றார் கம்மாபுரத்து மாமா. எல்லோரும் உங்கள் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தார்கள். நான் கால்மாட்டில் நின்று உங்கள் வாயைப் பார்த்தேன். நீங்களும் என்னைத்தான் பார்த்தீர்கள்.

உங்கள் வாயில் படித்ததை நான் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் தனி வீடு கேட்ட கதையும் வெளியே வரும். "இதுக்காகத்தான் சிரிச்சியா, எங்கம்மா எப்ப போவும்னு பாத்துக்கினு இருந்தியா?" என்று அண்ணி கேட்பார்களே என்று பயந்தேன். இத்தனை நாள் வாயைத் திறக்காததில் என்ன மிச்சம்? அக்கா தம்பி பேச்சே அறுந்துபோகப் போகிறது. உங்கள் மகன் ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கிறார்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். நாளைக்குப் படையல் போட்டதும், உங்கள் படத்துக்கு நேர் எதிரே அண்ணியை நிறுத்தி வைத்து, தனி வீட்டுக் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். அந்த மூடிக்குள்ளிருந்து, மூச்சு வாங்க வாங்க, என்னைப் பார்த்து நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்கிறேன்: "இனிமே தனிக்குடித்தனம்தான்டி. இப்ப சந்தோசமா?"

இது சத்தியம் அத்தை. தலையை நிமிர்த்தித்தான் சொல்வேன். நீங்களும் படித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தனிக்குடித்தனம் பிடிக்காமல் போன உங்கள் மருமகள்
கலா