இரண்டாவது வால்வு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். மூட்டுவலி என்னைவிட நலம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பாவின் அலுவலகத்தில் நடக்கும் நினைவுக் கூட்டத்துக்கு உன்னால் வர முடியாது, அதனால் உன் பெயரில் வாசிக்க அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டிருந்தாய். உட்கார்ந்தேன். ‘அவர் எஞ்சினியர், விவசாயி’ என்று எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை. ஏன் என்று சொல்கிறேன். எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது.

குடிநீர் அலுவலகத்தில் அவருக்குக் கீழே இருந்தவர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். “சார் போட்ட லைன்ல ஒரு சொட்டுகூட தப்பான எடத்துக்குப் போகாதும்மா” என்றார் ஒருவர். எதைச் செய்தாலும் அவர் இரண்டாகச் செய்வதைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒன்று ஓட வேண்டும், ஒன்று காத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அங்கே அவருக்குப் பட்டப்பெயரே ‘ஸ்டாண்ட்பை’யாம். நம் வீட்டிலும் இரண்டு டார்ச், இரண்டு குடை, இரண்டு மூக்குக்கண்ணாடி. பெண்டாட்டி விஷயத்தில் மட்டும் ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்துவிட்டு, “அது ரிஸ்க்தான்” என்றார்.

வயல் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வேறு யாரோ ஓர் ஆளுக்குத் துக்கம் கேட்பதுபோலக் கேட்டார்கள். “தங்கமான மனுஷன்மா. வெள்ளாமைதான் கைக்கு வராது” என்றார்கள். கிணறு நம்முடையது, மோட்டார் நம்முடையது, ஆனாலும் நம் கடைசி வயல் வருஷம் தவறாமல் காய்ந்தது உனக்குத் தெரியும். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் பயிர் காய்ந்தாலும் டீக்கடையில் அதற்கு ‘எஞ்சினியர் வெள்ளாமை’ என்று பெயர். அதை நானும் அவர் காதுபடச் சொல்லியிருக்கிறேன். மண் சரியில்லை என்பார்.

உன் பெரியப்பா கதையையும் இங்கே சொல்ல வேண்டும். பாகம் பிரித்தபோது கிணறு நம் பக்கம் வந்தது. அவர் எல்லோர் முன்னாலும், “ஒன் கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு என் வயலுக்கு வேணாம்டா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை. பொது வரப்பில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போவார்கள். வரப்பிலிருந்து விழாமல் இதைச் செய்ய நல்ல பயிற்சி வேண்டும்.

சில வருஷத்தில் பெரியப்பா வயல் ஓரத்தில் ஓர் ஊற்று கிளம்பியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. “மண்ணுக்குத் தெரியும்டா யாரு விவசாயின்னு!” என்று நம் வீட்டுக்குக் கேட்கும்படி வானத்திடம் சொல்வார். அப்பா பேப்பரைத் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பார்.

அப்பா போன மறுநாளிலிருந்து அந்த ஊற்று வற்றிவிட்டது.

நிலமே துக்கம் காக்கிறது என்று ஊரில் உருகினார்கள். நானும் கொஞ்சம் உருகினேன். போன வாரம் மோட்டார் சத்தம் போடுகிறது என்று பழுது பார்க்கும் பிட்டரைக் கூப்பிட்டேன். மோட்டார் அறையில் இரண்டு வால்வு இருக்கிறதே, அதில் இரண்டாவதைக் காட்டி இது எதற்கு என்று கேட்டார். “அது ஸ்டாண்ட்பை, தொடாதே” என்று அப்பா சொல்லியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

பிட்டர் திறந்தார். நம் வயலில் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீர் மெலிந்துபோனது. கொஞ்ச நேரத்தில் வரப்புக்கு அப்பாலிருந்து பெரியப்பா குரல்: “ஊத்து வந்துடுச்சுடோய்!”

பிட்டர் என்னைப் பார்த்தார். நான் பிட்டரைப் பார்த்தேன். அவர் மூடினார். சற்றுப் பொறுத்து அங்கே சத்தம் அடங்கியது. திறந்தார். மறுபடியும் “டோய்!” இன்னொரு தடவை சோதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பாவுக்கும் வயதாகிறது.

“கடைசி வயலுக்குப் போக வேண்டிய லைனை ஐயா அந்தப் பக்கம் மாத்திப் போட்டுட்டாரும்மா. தோண்டி வெட்டிவிட்டா ஒங்க கடைசி வயலு பொழைச்சுக்கும்” என்றார் பிட்டர். அலுவலகத்து ஆளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “சார் தப்புப் பண்ண மாட்டார்மா, ஏதாவது காரணம் இருக்கும்” என்றார்.

இப்போது சொல். தவறு என்றால், ஒரு சொட்டுகூடத் தவறாத எஞ்சினியர் சொந்த வயலிலேயே தவறிவிட்டார். தவறு இல்லை என்றால், தெரிந்தே தன் பயிரைக் காயப் போட்டுவிட்டு, டீக்கடைப் பேச்சையும் என் பேச்சையும் கேட்டுக்கொண்டு, மண்மீது பழி போட்டிருக்கிறார். அந்த வால்வின் கைப்பிடி தினமும் கைபட்டதுபோல வழவழ என்று இருக்கிறது. ஆனால் ஒருநாளும் மழையைப் பார்க்காத அந்த இரண்டாவது குடைக்கும் அவர் எண்ணெய் போட்டுத் துடைத்துதான் வைத்திருந்தார். அதனால் கைப்பிடியையும் நம்ப முடியவில்லை.

நேற்று பெரியப்பா வரப்பைத் தாண்டி மோட்டார் அறை வாசலுக்கே வந்துவிட்டார். வால்வை மறைத்துக்கொண்டு நின்றேன். “ஊத்து விட்டு விட்டு வருதும்மா. தம்பி இருந்தா ஏன்னு கேட்டிருப்பேன்” என்றார். தம்பி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து எத்தனை காலமாயிற்று! கொஞ்ச நேரம் மோட்டாரையே பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து, “காலையில மட்டும் வந்தாக்கூடப் போதும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊற்றிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா, தெரியவில்லை.

தோண்ட ஆள் கூட்டிவருவதாக இருந்த பிட்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று காலை நானே திறந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. நம் கடைசி வயல் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. டீக்கடையில் இனி என் பேரைச் சொல்வார்கள்.

உன் ஒரு பக்கம் இன்னும் முதல் வரியிலேயே நிற்கிறது. ‘நல்ல’ என்று ஒரு சொல் சேர்க்கலாம் என்று பார்க்கிறேன். அதை எஞ்சினியருக்கு முன்னால் போடுவதா, விவசாயிக்கு முன்னால் போடுவதா? நீயும் அவர் படித்த படிப்பைத்தான் படித்திருக்கிறாய். ஒருநடை வந்து அந்தக் குழாயைப் பார். தவறு என்று தெரிந்தால் என்னிடம் சொல்லாதே. சரி என்று தெரிந்தால் பெரியப்பாவிடம் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு. மழைக்காலம் நெருங்குகிறது; வரும்போது குடை எடுத்துவர வேண்டாம். இங்கே இரண்டு இருக்கிறது.

உன்
அம்மா