பத்துப் படம் என்றால் பத்துதான்

அண்ணா,

கலை மையத்துக்கு உன் ஓவியங்களை அனுப்ப இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கிறது. பத்துப் படம் கேட்டால் பத்து மட்டும் அனுப்பு. போன தடவை மாதிரி நாற்பத்து மூன்று வேண்டாம். ஓவியத்தின் அளவை 'முடிவிலி' என்று எழுதாதே, சென்டிமீட்டரில் எழுது. டேப் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு பக்கம் போதும். பிரபஞ்சம் தோன்றிய கதை அவர்களுக்கும் தெரியும்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பெயின்ட் கையோடு தொடாதே.

பி.கு.: "எவனோ ஒரு முட்டாள் பாக்காமலே திருப்பி அனுப்பிட்டான்"னு நேற்று கத்தினாயே. நான் அந்தக் கலை மையத்தில் ஓவிய அறைகளின் ஈரப்பதத்தை மட்டும் அளக்கவில்லை, வருகிற விண்ணப்பங்களையும் சரிபார்க்கிறேன். பதினேழாவது படத்தை முதலில் வை, அதுதான் அழகு. நாற்பத்து மூன்றையும் பார்த்தேன். அந்த முட்டாள் நான்தான்.