கப்பல் பாய் காயும் அறை

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போன வாரம் உன் அம்மாவின் கால் பற்றி ஆரம்பித்ததுமே, மீட்டிங் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கடிதத்தையும் நீ பாதியில் வைக்கலாம்தான், ஆனால் திரும்ப எடுத்தால் விட்ட இடத்திலேயே இருக்கும். தவிர, அத்தைக்குப் பாம்புச் செவி. அடுத்த அறையில் நான் போனைத் தொட்டாலே யாரிடம் பேசுகிறாய் என்று குரல் வரும். உன்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

முதலில் நல்ல சேதி. அந்தப் பெரிய மூன்று பாய்மரப் பொம்மைக் கப்பல் முடிந்துவிட்டது. உடம்பு முழுவதும் உன் அண்ணன் கைவேலை, பலகை பலகையாக ஒட்டி, கண்ணாடி மாதிரி இழைத்திருக்கிறார். கடைசியில் கொடியை மட்டும் பின்பக்கமாகப் பறக்கவிட்டுவிட்டார். பாயெல்லாம் முன்னால் புடைத்துக்கொண்டு நிற்கிறது, கொடி மட்டும் பின்னால் பறந்தால் அது எந்த ஊர்க் காற்று என்று கேட்டேன். பாயைப் பார்க்கிறவன் கொடியைப் பார்க்கமாட்டான் என்றார். அதற்கு மேல் அவரிடம் வாதாடினால் எனக்குத்தான் தலைவலி. கொடியை நானே பிடுங்கித் திருப்பி ஒட்டிவிட்டேன்.

இனி பாய் அறைக்கு வருகிறேன். முதலாளி உன்னைப் பட்டணத்துப் பெரிய ஷோரூம் வேலைக்கு அழைத்துக்கொண்டு போனபோது நீ எப்படி விட்டுவிட்டுப் போனாயோ, அறை அப்படியேதான் இருக்கிறது. அதுதான் என் கவலையே.

கஞ்சியில் தோய்த்துக்கொண்டிருந்த காலம் உனக்கு மறந்திருக்காது. மல் துணியைத் தேயிலைத் தண்ணீரில் பழுப்பாக்கி, ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தைத்து, கஞ்சியில் முக்கி அச்சின்மேல் போர்த்துவோம். காய்ந்தால் அருமையாகத் தொப்பை போடும். மேல் பாய்க்குக் குட்டித் தொப்பை, கீழ்ப் பாய்க்கு முதலாளித் தொப்பை என்று, வாய் ஓயாத நம் ரேடியோ அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பாள். மழைக்காலம் வந்தால் அத்தனையும் போச்சு. வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்தால் பாயெல்லாம் ஈரத் துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். கப்பல்கள் திரும்பி வந்தன. முதலாளி போட்ட கூச்சலில் நம் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தோம்.

அப்போதுதான் நீ அந்தக் கலவையைக் கண்டுபிடித்தாய். பின்கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு டின்னிலிருந்து ஊற்றிக் கலப்பாய். யாரும் பார்க்கக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். முதல் பாய் காய்ந்து அச்சிலிருந்து எழுந்தபோது நாங்கள் வாயைப் பிளந்தோம். நிஜமாகவே காற்று அடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. என் நாத்தனார் செய்தது என்று நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். இப்போதும் அந்தப் பெருமை எனக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அதற்கு நீ போட்ட சட்டங்களை நினைத்துப் பார். ஈரப் பாயில் துளிக் காற்று பட்டாலும் தொப்பை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் என்று ஜன்னலை எல்லாம் சாத்தி, இடுக்கில் டேப் ஒட்டினாய். மின்விசிறியின் சுவிட்சையே கழற்றி எடுத்தாய். காற்றடிக்கிற பாய் செய்ய அறைக்குள் காற்றே வரக் கூடாதா என்று எல்லோரும் சிரித்தோம். கையுறை போட்டால் நுணுக்கமான மடிப்பு விழாது என்றாய், அதுவும் உண்மைதான். அதனால் இன்றுவரை வெறும் விரலைத்தான் அதில் முக்கிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் தலைசுற்றலும் வாயில் ஒரு தித்திப்பும் மட்டும்தான். பிறகு விரல் நுனி மரத்தது. உன் அம்மா ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் கேலி செய்தோம், அவரும் சிரித்தார். அடுத்து, கொதிக்கிற தண்ணீர் பாதத்தில் கொட்டியும் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். நான்தான் கத்தினேன். போன மாதம் பாயைப் பாய்மரத்தின் குறுக்குக் கட்டையில் வைத்துத் தைக்கும்போது, பாயோடு சேர்த்துத் தன் விரலையும் தைத்துவிட்டார். துணியில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. விரலைப் பார்க்கவில்லை அவர், "அய்யோ, நல்ல பாய் பாழாப்போச்சே" என்று அழுதார்.

ரேடியோ அக்கா இப்போது வேலைக்கு வருவதில்லை. அவள் தம்பி அவளைத் தூக்கித்தான் கழிவறைக்குக் கொண்டுபோகிறானாம். அவ்வளவு பேசினவள், போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள்.

அத்தையை இழுக்காத குறையாக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். சர்க்கரை இல்லை, மற்ற ஒன்றுமில்லை. எங்கே வேலை, என்ன பிசின் என்று கேட்டார். நான் ஒரு மருந்துப் புட்டியில் கொஞ்சம் பிடித்துக் கொண்டுபோயிருந்தேன். அதைச் சோதிக்கிற வசதி இங்கே இல்லை, வெளியே அனுப்பினால் பல மாதம் ஆகும் என்றார். முதலாளிக்கு அவரே போன் செய்தார். சாதாரணப் பசைதான், இந்தப் பெண்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று பதில் வந்தது. கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதுல என்ன இருக்குன்னு பேரைச் சொல்லுங்க. அந்த ரூமை மூட வைக்கறது என் பொறுப்பு. கால் எந்த அளவுக்குத் திரும்பும்னும் அப்பதான் என்னால சொல்ல முடியும்" என்றார். அதுவரை அந்த அறைப் பக்கமே போகாதீர்கள் என்றும் சொன்னார். உன் அம்மா தலையாட்டிவிட்டு மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார். உன் அண்ணன் வழக்கம்போல உளியை எடுத்துக்கொண்டு அம்மா பின்னாலேயே போனார்.

நீ போன பிறகு கலந்த கலவைதான் பின்கொட்டகையிலிருந்து வருகிறது, யாரையும் உள்ளே விடுவதில்லை. இரண்டு டின், இரண்டு பெயர். அது உனக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் தெரியும். நீ தெரிந்தே செய்தாய் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பினால் போதும். நீ வரக்கூட வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அண்ணி


அன்புள்ள சின்னவளுக்கு,

உன் பார்சல் வந்தது. கடிதம் இருக்கும் என்று அட்டைப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இரண்டு கன்னத்திலும் வட்டமாக வடிகட்டி வைத்த முகமூடி. ரப்பர் கையுறை. எல்லாம் இரண்டிரண்டு. உன் அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அறையில் மற்றவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள், சின்னவளே. அவர்களுக்கு மூக்கு இல்லையா?

அத்தைக்கு ஒரே சந்தோஷம். "என் பொண்ணு எங்க இருந்தாலும் என்னை நினைச்சுக்கிட்டே இருக்கா பாரு" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டினார். பிறகு முதலாளி ஏதாவது கேட்பார் என்று புடவைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டார். நான் மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சாதாரணப் பசைக்கு யாரும் இப்படி முகமூடி வாங்கமாட்டார்கள். உனக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு உன்னை நான் திட்டின திட்டு, எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது.

எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது அல்லவா? பேனாவில் துணியைச் சுற்றிப் பருமனாக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெறும் பேனா விரலுக்குள் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதைப் போன கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். நீ பயந்துவிடுவாய் என்று விட்டேன்.

இப்போது நடந்ததைக் கேள். டாக்டரம்மா எழுதிப் போட்டதால் தொழிற்சாலைகளைச் சோதிக்கிற அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார். அவர் வரும் சேதி முதலாளிக்கு முந்திக்கொண்டு வந்துவிட்டது. டேப்பை எல்லாம் உரித்து ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். அடுப்பில் பழைய கஞ்சிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நாளுக்குப் பிறகு அறைக்குள் காற்று வந்தது. காய்ந்துகொண்டிருந்த பாயெல்லாம் படபடத்து அச்சிலிருந்து புரண்டு விழ, எடுத்து வைக்கக்கூட யாரும் நகரவில்லை.

அதிகாரி முட்டாள் இல்லை. மூலையில் நின்ற பழைய பாய் ஒன்றை முகர்ந்து பார்த்தார். இது கஞ்சி இல்லையே, இதை யார் கலந்தது என்று கேட்டார். முதலாளி என் முகத்தையே பார்த்தார். உன் பெயர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், சொல்லியே இருப்பேன்.

அதற்குள் உன் அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான்தாங்க கலந்தேன். கடையில எதையோ வாங்கி ஊத்தினேன். என்னன்னு இப்ப ஞாபகம் இல்லீங்க, வயசாயிடுச்சு" என்றார். அதிகாரி இரண்டு மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டார். உன் அம்மா அசையவில்லை. உன் அண்ணன் கதவோரம் நின்றுகொண்டு உளியைத் துடைத்தபடியே இருந்தார். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஜன்னலில் டேப் மறுபடி ஏறிவிட்டது. யாரையும் கேட்காமல் கண்டதைக் கலந்ததற்காக அத்தையை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நானும் போகவில்லை. எங்கள் இடத்தில் புதிதாகப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போகும்போது அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போகிற சத்தம் நம் வீட்டுக்குக் கேட்கிறது. நாமும் அப்படித்தான் போனோம்.

அதோடு முடியவில்லை. உன் அம்மா சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது. கலவை உன்னுடையது என்று தெரிந்தவர்கள்கூட, நீ போன பிறகு அதில் கண்டதை ஊற்றியது அத்தைதான் என்று நம்பிவிட்டார்கள். ரேடியோ அக்காவின் தம்பி நம் வாசலில் வந்து நின்று கத்தினான். எங்க அக்காவைக் கெடுத்தது நீதானா, உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவள் அவள் என்று அழுதுகொண்டே கத்தினான். அவனை நான் என்ன சொல்ல? அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆமாம்ப்பா, தப்புதான்ப்பா என்று அவனைக் கும்பிட்டார். பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் அவரோடு ஒன்றாக உட்கார்ந்து பாய் தைத்தவர்கள். இப்போது யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார், சின்னவள் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்று. தன் பெண் இப்போதுதான் நாலு பேர் மதிக்கிற இடத்தில் இருக்கிறாளாம். அந்தச் சத்தியத்தை மீறித்தான் உனக்கு எழுதுகிறேன். பாவம் வந்தால் எனக்கு வரட்டும், எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

இனிமேல் துண்டுக் காகிதம் போதாது. அதை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் கிழவியைக் காப்பாற்ற மருமகள் கதை கட்டுகிறாள் என்பார்கள். நீதான் வர வேண்டும். டாக்டரம்மாவிடம் அந்த இரண்டு பெயரையும் உன் வாயால் சொல். அங்கிருந்து நேராக ரேடியோ அக்காவின் வீட்டுக்குப் போ. கலந்தது எங்க அம்மா இல்லை என்று அந்தத் தம்பியிடம் சொல். அவன் அடித்தால் நான் குறுக்கே விழுகிறேன். உன் வேலை போனால் போகட்டும், நம் வீட்டில் உனக்கு எப்போதும் இடம் இருக்கிறது. உன் அம்மா கால் விளங்காமல் இருப்பதைக்கூட நான் பார்த்துக்கொள்வேன். தெருவே காறித் துப்ப அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

கை கால் சுகத்தோடு நீ நூறு வயது இருக்க வேண்டும். உன் அம்மா தினமும் வேண்டிக்கொள்வது அது ஒன்றைத்தான். உன்மேல் இவ்வளவு கோபம் இருந்தும் எனக்கும் வேறு எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. வந்துவிடு, சின்னவளே. அவர் நடந்து வந்து உனக்குக் கதவைத் திறக்க முடிகிற நாளிலேயே வந்துவிடு.

உன் அண்ணி