மாமாவின் பக்கத்துப் பிரேக்

07.10.2025, செவ்வாய்

எங்கள் ஜீப்பில் இரண்டு பிரேக். ஒன்று என் காலடியில். மற்றது பக்கத்துச் சீற்றில், மாமாவின் காலடியில். அங்கே மிதிக்க ஒன்றுமில்லை, வெறும் தரைதான். ஆனாலும் முன்னால் ஒரு சைக்கிள் குறுக்கிட்டால் போதும், மாமா தன் வீங்கின வலக்காலைத் தரையில் ஊன்றி அமத்துவார். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் இந்த அமத்தல்தான். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். சொன்னாலாவது நானும் திருப்பி ஏதாவது சொல்லலாம். காலுக்கு என்ன பதில் சொல்வது?

செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு இரத்தம் சுத்திகரிக்கிற நாள். மகன் தர்ஷன் கப்பலில் நிற்க, மருமகள் நான் தகப்பனை ஏற்றிக்கொண்டு ஓடுகிறேன். ஒரு நாள் தவறினால் உடம்பெல்லாம் நீர் ஏறிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இந்த வீட்டில் மாமாவின் சுகமும் ஜீப்பின் சுகமும் எனக்கு ஒன்றுதான்.

இன்று புத்தூர் தாண்டினதும் யாரோ ஜீப்பைப் பின்னால் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அக்சிலரேற்றரை அமத்தினால் எஞ்சின் உறுமுகிறது, ஆனால் ஓட்டம் இல்லை. ஏதோ கருகின மணமும் வந்தது. மாமா கோப்பாய்த் தோட்டங்களைப் பார்த்தபடியே இருந்தார். அவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, முன் சில்லின் ரயருக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனேன். அடுப்பு வாசல்போல் அனல் அடித்தது.

மத்தியானம் திரும்பி வரும்போது ஒன்றுமே இல்லை. நல்ல பிள்ளையாய் ஓடியது. அப்படியென்றால் காலையில் நடந்தது என்ன? எனக்குத்தான் பிரமையா?

08.10, புதன்

தர்ஷனிடம் போனில் சொன்னேன். "ஹான்ட் பிரேக்கை எடுத்துவிட்டனீரே?" என்று கேட்டார். என்னைப் பற்றின நினைப்பு இவ்வளவுதான்.

10.10, வெள்ளி

விடியப் போய்ச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பற்றரி செத்துப்போச்சு. 

டாஷ்போர்ட்டில் தர்ஷன் பூட்டின சின்னப் பிள்ளையார் இருக்கிறார். அவரின் வயர் பிரேக் லைற்றோடு இணைத்தது. பிரேக்கை அமத்தினால் பின்னால் லைற்றும் உள்ளே பிள்ளையாரும் ஒன்றாய்ச் சிவப்பாக எரிவார்கள். இன்று என் கால் பெடலில் இல்லை. ஆனாலும் பிள்ளையார் மங்கலாய் எரிந்துகொண்டிருந்தார். பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன், பிரேக் லைற்றும் அப்படியே. இரவிரவாய் எரிந்து பற்றரியைக் குடித்து முடித்திருக்கின்றன.

பக்கத்து வீட்டு வானின் பற்றரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்ரார்ட் பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது, மாமாவின் கட்டிலுக்கு வேறு ஆளைக் கூப்பிடப் போனார்கள். தாதி ஜெசிதா கெஞ்சிப் பேசி இடம் எடுத்துத் தந்தாள். பிறகு நேரே கொழும்புத்துறைக்கு, எமில்ராஜின் கராஜுக்குப் போனேன்.

பெடலுக்கு மேலே ஒரு சுவிச் இருக்கிறதாம். கால் எடுத்ததும் பெடல் மேலே வந்து அதை அமத்தி லைற்றை அணைக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு உக்கி உதிர்ந்துபோனதால் சுவிச் அமத்துப்படவில்லை. என் நகத்தளவுத் துண்டு. புதிது போட்டுத் தந்தான்.

"சில்லு சூடாகிறது, தம்பி?"

"அதுவும் இதோடை சரிவந்திடும் அக்கா."

லைற்றுக்கும் சில்லுச் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. நல்ல செய்தி சொன்னவனை யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்?

12.10, ஞாயிறு

மாமா வெள்ளனவே பொனட்டைத் திறந்து, தோளில் துவாயோடு உள்ளே குனிந்து நின்றார். சீவியத்தில் பாதியைக் கப்பல் எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிறவராய்க் கழித்த மனிதர். எந்த இடத்திலும் எண்ணெய் மட்டம் இறங்கினால் அவருக்குப் பொறுக்காது.

"எல்லாம் மட்டத்துக்கு நிக்குது, பிள்ளை" என்றார்.

இந்த ஒரு கிழமையில் என்னோடு கதைத்த முதல் முழு வசனம். சந்தோசமாயிருந்தது.

14.10, செவ்வாய்

சரிவரவில்லை. ஒன்றும் சரிவரவில்லை.

திரும்பி வரும் வழியில், வல்லை வெளியில் பிடித்துக்கொண்டது. பிரேக் பெடல் கல்லாய் இறுகி நிற்கிறது, அமத்த இடமே இல்லை. நான் அமத்தாமலே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஜீப் ஊர்ந்து ஊர்ந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. முன் சில்லிலிருந்து புகை. சுற்றிவர உப்புத் தண்ணீரும் காற்றும்தான், ஒரு மரநிழல் இல்லை. மாமா சுத்திகரித்து முடிந்த களையோடு சீற்றில் சாய்ந்து கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் கேட்டார். அவருக்கு அளந்துதான் கொடுக்கலாம். ஒரு மிடறு கொடுத்துவிட்டு மூடியைப் பூட்டும்போது எனக்கு அழுகை வந்தது.

எமில்ராஜுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நீங்கள் பிரேக்கிலை காலை வைச்சபடி ஓடுறீங்கள்போலை. கனபேர் அப்பிடித்தான்."

சத்தம் வெளியே கேட்டிருக்கவேண்டும். மாமா மெல்லத் திரும்பி என் காலைப் பார்த்தார். கடவுளே, அந்தப் பார்வை!

ஆறினதும் சில்லு தானாய் விட்டுக்கொடுத்தது. வீடு வந்து சேர்ந்தோம். வண்டி எப்போதும் ஆறினபிறகுதான் மற்றவன் கண்ணில் படுகிறது. அதனால்தான் ஒருவரும் நம்பவில்லை.

16.10, வியாழன்

செருப்பைக் கழற்றிவிட்டு, தும்பளைப் பக்கம் ஓடிப் பார்த்தேன். என் காலை நானே வேவு பார்த்தேன். கால் பிரேக்கில் இல்லை. உறுதியாய் இல்லை. ஆனால் பயத்தில் ஓடுகிற நேரம்? அப்போது என் கால் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியுமா?

நாளைக்கும் பிடித்தால் ஆறவிடப்போவதில்லை. சூட்டோடு கொண்டுபோய்க் காட்டுவேன்.

17.10, வெள்ளி

எழுதினால்தான் ஆறும்.

இருபாலையில் பிடிக்கத் தொடங்கியது. மாமாவை ஆஸ்பத்திரியில் இறக்கினேன். எஞ்சினை நிறுத்தவில்லை. இழுத்து, உறுமி, மணக்க மணக்கக் கொழும்புத்துறைக்குக் கொண்டுபோய் எமில்ராஜின் முன்னால் விட்டேன். "இப்ப தொட்டுப் பார், தம்பி."

தொட்டான். கையை உதறினான். ஜக் வைத்து வண்டியைத் தூக்கிப்போட்டுச் சில்லைச் சுற்றினால் அசையவில்லை. பிரேக் குழாயின் சின்னத் திருகாணியைக் கொஞ்சம் திறந்தான். சீறிக்கொண்டு எண்ணெய் வந்தது, சில்லு உடனே சுற்றியது. "காலை எடுத்த பிறகும் அமுக்கம் உள்ளுக்கை அடைபட்டு நிக்குது" என்றான். பிறகு பொனட்டைத் திறந்து பிரேக் எண்ணெய்க் கோப்பையின் மூடியைக் கழற்றினான். மூடிக்குள் இருந்த றப்பர் ஊதி, நெளிந்து, தன் இடத்தில் அடங்காமல் வெளியே வந்து கிடந்தது.

ஒரு கிளாஸில் தண்ணீர் எடுத்து, கோப்பைக்குள் இருந்ததில் கொஞ்சம் விட்டான். பிரேக் எண்ணெய் என்றால் தண்ணீரோடு கலக்கவேண்டுமாம். இது சிவப்பாய் மேலே மிதந்தது.

"ஆரோ வேறை எண்ணெய் ஊத்தியிருக்கினம் அக்கா. இந்த எண்ணெய் பட்டால் உள்ளுக்கை இருக்கிற றப்பர் எல்லாம் ஊதிப்போகும். சூடு ஏற ஏற இன்னும் ஊதி, எண்ணெய் திரும்பிற வாசலை அடைச்சுப்போடும். இனி றப்பர் எல்லாத்தையும் மாத்தவேணும். அதுவரைக்கும் இதை ஓடக்கூடாது."

பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "உங்கடை கால் இல்லை, அக்கா" என்றான்.

எனக்கு அந்தச் சந்தோசம் வரவில்லை. சிவப்பு எண்ணெய் இருக்கும் தகரக் கான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் கொட்டிலில், வள்ளம் இழுக்கும் யந்திரத்துக்குப் பக்கத்தில்.

மாமாவை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தேன். வீடு போய்க் கேட்டிருக்கலாம். நெல்லியடி வரைக்கும்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, பிரேக்குக்குள்ளை என்ன ஊத்தினீங்கள்?"

"போன மாசம் மட்டம் இறங்கிக் கிடந்தது. அதுதான். கப்பல்லை சுக்கானுக்கு ஊத்திற எண்ணெய், நல்ல சாமான்."

"அந்த நல்ல சாமான் எங்கள் ரெண்டு பேரையும் கொண்டிருக்கும்! நான் கால் வைக்கிறன் எண்டு ஊரெல்லாம் சொல்ல நீங்களும் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்!"

ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.  மாமாவின் கால் தரையில் சும்மா கிடந்தது. எதையும் அமத்தவில்லை.

18.10, சனி

கொட்டிலில் எண்ணெய்க் கானைக் காணவில்லை. வேலிக்கு வெளியே குப்பையோடு கிடக்கிறது. மாமாவின் இரவுச் சாப்பாடும் தொடாமல் அப்படியே இருக்கிறது.

20.10, திங்கள்

தீபாவளி. தர்ஷன் போன் எடுத்தார். மாமா கதைக்க வரவில்லை. நித்திரை என்று பொய் சொன்னேன். அவர் யன்னலடியில் முழித்தபடிதான் இருந்தார்.

அன்றைக்கு ஓட்டோவில் நான் சொன்னது பொய்யா? இல்லை. சொன்ன விதம்? ஒரு வேற்று மனிதருக்கு முன்னால், ஊசி குத்தின கையோடு இருந்த மனிதரை... சீ.

21.10, செவ்வாய்

வரமாட்டாராம்.

ஓட்டோ வாசலில் நிற்கிறது. கெஞ்சினேன், கத்தினேன், தர்ஷனுக்கு எடுத்துக் காதில் வைத்தேன். போனைத் திருப்பி என் கையில் தந்தார்.

"என்னைக் கொண்டு திரியத்தானே பிள்ளை இந்த ஓட்டம். நான் போகாட்டி ஒருத்தருக்கும் ஆபத்தில்லை."

ஓட்டோவைத் திருப்பி அனுப்பினேன். வேறு என்ன செய்ய? தூக்கிக்கொண்டு போகலாமா?

இரண்டு காலும் வீங்கி மினுங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கதிரையில் இருக்கிறார். நான் அவரின் மூச்சை எண்ணிக்கொண்டு இருக்கிறேன். இவருக்கு ஏதும் நடந்தால் அது எண்ணெயால் இல்லை, என் வாயால்.

22.10, புதன்

கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. விரதம் பிடிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

எமில்ராஜ் போன் எடுத்தான். றப்பர் எல்லாம் மாற்றிவிட்டானாம். இனிப் பழைய எண்ணெய் முழுவதையும் வெளியேற்றி, உள்ளே அடைபட்ட காற்றையும் எடுக்கவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீற்றில் இருந்து பெடலை அமத்திப் பிடிக்க, மற்றவர் கீழே ஆணியைத் திறந்து பூட்டவேண்டும். அவனுடைய தம்பி மன்னாருக்குப் போய்விட்டான். "காலமை நீங்கள் வந்து அமத்துவீங்களோ அக்கா?"

ஓம் என்று சொல்ல வாய் எடுத்தவள் நிறுத்திவிட்டேன். ஜெசிதாவுக்கு எடுத்தேன். நாளைக்கு மத்தியானத்துக்கு முன் எப்படியாவது கொண்டுவாருங்கள், இடம் எடுத்துத் தருகிறேன் என்றாள்.

பிறகு மாமாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாமா, எமில்ராஜுக்குப் பெடல் அமத்த ஆள் வேணும். எனக்கு என்ரை காலிலை நம்பிக்கை போயிட்டுது. நீங்கள் வாறீங்களோ?"

யன்னலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"நான் அண்டைக்குக் கதைச்சது பிழை மாமா. பயத்திலை கத்திப்போட்டன். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

  சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

23.10, வியாழன்

விடிய எழும்பி வந்தால் முன் வாசலில் நிற்கிறார். "நில்லு, சாரத்தை மாத்திக்கொண்டு வாறன்" என்றார்.

கராஜில் அவரைப் பிடித்து ஏற்றி ஓட்டுகிற சீற்றில் இருத்தினோம். செருப்பு காலுக்குள் போகவில்லை, வெறுங்காலைப் பெடலில் வைத்தார். எமில்ராஜ் பின் சில்லடியில் படுத்திருந்து, ஆணியில் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு குழாயை மாட்டி, மற்ற நுனியைப் போத்தலுக்குள் விட்டான்.

"அமத்துங்கோ ஐயா. பிடியுங்கோ. நான் சொல்லுமட்டும் விடாதேங்கோ, விட்டால் காத்து உள்ளுக்கை போகும்... சரி, விடுங்கோ."

குழாயில் சிவப்பாய் வந்தது. திரும்பவும் அமத்தினார், பிடித்தார். எனக்கு இரண்டு பயம், பெடல் சரிவருமா, இந்த மனிதர் மயங்கி விழுந்துவிடுவாரா என்று.

"இந்த எண்ணெயை ஊத்தினவன்ரை கையை முறிக்கவேணும்" என்றான் எமில்ராஜ், கீழே கிடந்தபடி.

மாமாவின் முகத்தைப் பார்க்காமல், "நான்தான் தம்பி. தெரியாமல் ஊத்திப்போட்டன்" என்றேன்.

"அட, முதலே சொல்லியிருக்கலாமே அக்கா!"

"அவ பொய் சொல்லிறா" என்றார் மாமா. கால் பெடலை விட்டு அசையவில்லை. "ஊத்தினது நான். கதையை விட்டிட்டு ஆணியைப் பூட்டு, கால் உளையுது."

எமில்ராஜுக்குக் கீழேயிருந்து வெளியே வரவே வெட்கம். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. ஒரு சில்லு முடிந்து அடுத்த சில்லு. சிவப்பு வெளிறி, ரோசாவாகி, கடைசியில் குழாயில் தெளிந்த எண்ணெய் மட்டும் வந்தது. இடையில் ஒரு தடவையும் சொல்லுமுன் காலை எடுக்கவில்லை. கடைசிச் சில்லும் முடிந்ததும் மாமா தானாகவே இன்னொருமுறை அமத்திப் பார்த்தார்.

"இப்ப நல்லா நிக்குது, விட்டவுடனை மேலை வருது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வருவம்" என்றார்.

ஜெசிதா கட்டிலை வைத்திருந்தாள்.

26.10, ஞாயிறு

கால் வீக்கம் வடிந்திருக்கிறது. செருப்புப் போடுகிறார்.

28.10, செவ்வாய்

புறப்பட முன் மாமா ரோச் லைற்றோடு நின்றார். பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "பிள்ளை, வந்து நீயும் பார். ரெண்டு கோட்டுக்கும் நடுவிலை நிக்குது. ஊத்தத் தேவையில்லை" என்றார். பார்த்தேன். இரண்டு பேருமாய் மூடினோம்.

மழை. வைப்பர் அடித்தும் போதாது. புத்தூர், நீர்வேலி தாண்டியும் வண்டி இழுக்கவில்லை, மணக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சந்தியிலும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தேன். இந்தப் பயம் லேசில் போகாது.

கோப்பாயில் ஒரு மாடு மதிலோரத்திலிருந்து திடீரென்று தெருவுக்கு ஏறிவிட்டது. முழுக் காலையும் கொடுத்து அமத்தினேன். ஜீப் நேராய், சறுக்காமல் நின்றது. மாடு எங்களைப் பார்த்துவிட்டு ஆறுதலாய் நடந்து போனது. டாஷ்போர்ட்டில் பிள்ளையார் சிவப்பாய் எரிந்துகொண்டிருந்தார்.

மாமா ஏதும் சொல்வார் என்று திரும்பினேன். செருப்பு இரண்டும் கழன்று கிடந்தன. கால் இரண்டையும் மடித்துச் சீற்றின்மேல் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், பிள்ளையார் அணைந்தார்.