பெட்ரோல் மூடிக்கு வைத்த சந்தனம்

கீழ்வேளூர்
3.10.71

அன்புத் தம்பி கோவிந்தராசுக்கு,

அக்கா அம்சம் எழுதுவது. நாங்கள் சுகம். நாகப்பட்டினத்து விவசாயக் கூலிச் சங்க ஆபீஸில் வேளைக்குச் சோறு கிடைக்கிறதா? மீன் மலிவு என்று அள்ளிப் போட்டுக்கொள்ளாதே, உனக்கு அரிப்பெடுக்கும் கரப்பான் உடம்பு.

ஆயுத பூசை நன்றாக நடந்தது. பண்ணையார் நில உச்சவரம்பு வழக்கு என்று தஞ்சாவூரிலேயே கிடக்கிறார். கழக ஆட்சி வந்ததிலிருந்து அவருக்கு வக்கீல் வீடுதான் சொந்த வீடு. அதனால் காருக்குப் பூசை போடும் பாக்கியம் இந்த வருசம் எனக்குக் கிடைத்தது.

அந்தச் சிவப்புக் கார் என்றாலே நீ முகத்தைத் திருப்புவாய். ஆனாலும் சொல்கிறேன். எஸ்டேட் வெள்ளைக்காரன் சீமைக்குப் போகும்போது பண்ணையாருக்கு விற்ற கார் அது. கூரை கிடையாது. ரெண்டே பேர் உட்காரலாம். நெல் மூட்டை ஏற்ற முடியாது, பிள்ளைகுட்டியோடு வேளாங்கண்ணிக்குப் போக உதவாது. பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்ட மாட்டார்கள், உன் மச்சான் அதைக் குளிப்பாட்டுவார். அவர் ஓட்டி அது நடுவழியில் நின்றதாக ஒருவர் சொல்லட்டும்! சக்கரம், விளக்கு, பெட்ரோல் மூடி, ஓரிடம் விடாமல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். தேர் மாதிரி இருந்தது.

நீதான் வரவில்லை. பண்ணைக் காரை ஓட்டுகிறவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று போனவன், அவரிடம் பேசியே நாலு வருசமாகிறது. கூலிச் சண்டை வயலோடு இருக்கட்டும், தம்பி.

உன் நினைப்பாகவே இருக்கும்
அக்கா அம்சம்


நாகப்பட்டினம்
8.10.71

அக்காவுக்கு,

கோவிந்தராசு எழுதுகிறேன். நான் இப்போது சங்க ஆபீஸில் இல்லை. பதிலைப் பக்கீர் முகம்மது கடை விலாசத்துக்குப் போடு, என் கைக்கு வந்துவிடும்.

குறுவை அறுப்புக்குக் கூலி உயர்த்தச் சொல்லி நம் தெரு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்த அன்று, தஞ்சாவூரிலிருந்து திரும்பியிருந்த பண்ணையார் ஏறி வந்த கார் நம் தெரு முன்னால் நின்றுபோனதாம். மறுநாளும் அதே இடத்தில் நின்றதாம். பெட்ரோல் டேங்கில் நான்தான் சேறு கலந்தேன் என்று பண்ணையிலிருந்து போலீஸில் மனு கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் என்னைத் தேடுகிறது.

நான் அந்தக் காரைத் தொட்டதில்லை. என்ன கோளாறு என்று மச்சான் வாயைத் திறந்து சொன்னால் போதும், தப்பிப்பேன். சொல்ல மாட்டார். அவர் தின்பது பண்ணைச் சோறு. உன்மேல் எனக்கு வருத்தமில்லை.

கோவிந்தராசு


கீழ்வேளூர்
12.10.71

என் தம்பிக்கு,

உட்கார்ந்து படி. இதை நின்றுகொண்டு படித்தால் ருசிக்காது.

கார் நின்றது நிஜம். உன் மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. பிளக்கைக் கழற்றினார், கார்புரேட்டரை ஊதினார், பெட்ரோலைத் துணியில் வடிகட்டிப் பார்த்தார். சேறும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானே கிளம்புகிறது, மறுபடி நம் தெரு வந்ததும் படுத்துக்கொள்கிறது. கடைசியில், நின்ற இடத்திலேயே பெட்ரோல் ஊற்ற மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது பார்! மூடியைத் திருப்பிப் பார்த்தவர், அதை வீட்டுக்கே கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார்.

மூடியில் ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று உண்டாம். பெட்ரோல் குறையக் குறைய அது வழியாகக் காற்று உள்ளே போக வேண்டுமாம். மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கி வருமே, ரெண்டாவது ஓட்டை போடுவோமே, அதேதான். நான் அப்பிய சந்தனம் அந்த ஓட்டையில் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. பண்ணையிலிருந்து நம் தெரு வரைக்கும்தான் அதற்கு மூச்சு.

ஊசியால் குத்திவிட்டு அவர் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? சட்டையை மாட்டிக்கொண்டு, என்னையும் கூப்பிட்டுக்கொண்டு பண்ணைக்குப் போனார். இன்ஸ்பெக்டரும் அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னார்.

பண்ணையார் சிரித்தபடியே, “வண்டி சரியாப் போச்சுல்ல ரெத்தினம்? அதோட விடு” என்றார்.

“வண்டி சரியாப் போச்சுங்க. மனுதான் சரியில்லீங்க.”

உன் மச்சான் என்னிடம் சந்தனம் கேட்டு வாங்கி, ஓட்டையை அடைத்து, வெயிலில் காயவைத்தார். இன்ஸ்பெக்டரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி ஓட்டினார். நான் வரப்பு வழியாகக் குறுக்கே ஓடினேன். நம் தெரு சனம் மொத்தமும் வெளியே நின்றது. மிதித்த மிதியெல்லாம் வீணாகி, கார் வந்து அதே இடத்தில் நின்றது. இன்ஸ்பெக்டரே இறங்கி மூடியைத் திறந்தார். புஸ். விரலில் ஒட்டிய சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏம்மா, அடுத்த வருசம் சந்தனத்தக் கண்ணாடியோட நிறுத்திக்க” என்றார். தெருவே சிரித்தது. மனுவை அன்றே வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

கார் பண்ணைக்குத் திரும்பியதும் பண்ணையார் கையை நீட்டினார். உன் மச்சான் சாவியைக் கையில் வைத்துவிட்டு நடுரோட்டில் நடந்து வந்தார், கார் ஓட்டி வருகிற அதே மிடுக்கோடு. வேலை போச்சே என்று நான் அழுதேன்.

“நான் ஓட்டுன வண்டியச் சொல்லி ஒருத்தன் ஜெயிலுக்குப் போனா, அப்புறம் நான் என்னடி டிரைவரு?” என்றார். உன் பேரை எடுக்கவே இல்லை. அது எனக்கு மனசில் இடித்தது. ஆனால் தம்பி, இப்படி ஒரு மனுசனுக்கு வாக்கப்பட்டிருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அக்கா அம்சம்


நாகப்பட்டினம்
15.10.71

மச்சான் அவர்களுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ரெண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

சங்க ஆபீஸுக்குத் திரும்பிவிட்டேன். இங்கே எல்லோரும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பண்ணை ஆள் பண்ணையாரையே எதிர்த்துச் சொன்னாராமே, யார் அவர், எப்படிப்பட்ட ஆள் என்று கேட்கிறார்கள். என் மச்சான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.

கோவிந்தராசு